வாசலைத் திறந்துவைத்த கான்வென்ட்

கொல்கத்தாவின் சியால்டா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி. தெருவில் வளர்ந்த சிறுமிகளை உள்ளே அழைத்து, தன் மாணவியரையே அவர்களுக்கு ஆசிரியைகளாக்கியது. அதனிடமிருந்து நம் பள்ளிகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

நாட்டின் மிக நெரிசலான ரயில் நிலையங்களில் சியால்டாவும் ஒன்று. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வெள்ளமாக வந்து இறங்கிய இடம் அது. போக்கிடம் இல்லாத குடும்பங்கள் மாதக்கணக்கில் அந்தப் பிளாட்பாரங்களிலேயே சமைத்து, படுத்து, பிள்ளை பெற்று வாழ்ந்தன. பிறகும் பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கும் வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகளுக்கும் சியால்டாதான் முதல் நிழல். குப்பை பொறுக்கியும் தண்ணீர் பாட்டில் விற்றும் இரவில் சுவரோரம் சுருண்டு படுத்தும் ஒரு தலைமுறை அங்கே வளர்ந்தது.

அதே பகுதியில்தான் 1857-ல் தொடங்கப்பட்ட லொரேட்டோ பெண்கள் பள்ளியும் இருக்கிறது. கொல்கத்தாவில் ஒரு பெண் லொரேட்டோவில் படித்தவள் என்றால் அதற்குத் தனி மதிப்பு. ஆங்கிலம், ஒழுக்கம், நல்ல மதிப்பெண், நல்ல வேலை, நல்ல வரன் என்று பெற்றோர் எதிர்பார்ப்பவை எல்லாம் அந்த ஒரு பெயருக்குள் அடக்கம். இப்படிப்பட்ட பள்ளிகளில் வாசலில் காவலாளி நிற்பார். தெருப் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். இரண்டும் பல காலமாகப் பழகிப்போன காட்சி.

சியால்டா லொரேட்டோ அந்தக் காட்சியை மாற்றியது. 1998 வாக்கில் அங்கே படித்த சுமார் 1,400 மாணவியரில் பாதிப் பேர், அதாவது 700 பேர், குடிசைப் பகுதிகளிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்தவர்கள். கட்டணம் செலுத்தும் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில், ஒரே சீருடையில் அவர்கள் உட்கார்ந்தார்கள். இதுபோக, பள்ளியின் மொட்டை மாடியில் இன்னொரு பள்ளியும் நடந்துகொண்டிருந்தது.

பொறுப்பேற்ற நாளில் எழுந்த கேள்வி

மாற்றத்துக்கு முன்னே நின்றவர் சிஸ்டர் சிரில் மூனி. 1936-ல் அயர்லாந்தின் பிரே நகரில் பிறந்தவர். லொரேட்டோ சபையில் சேர்ந்து 1956-ல், இருபது வயதில், இந்தியா வந்தார். லக்னோவில் விலங்கியல் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். 1979-ல் சியால்டா பள்ளியின் பிரின்சிபால் ஆனார். அன்று பள்ளியில் இருந்த ஏறத்தாழ 790 மாணவியரில் 90 பேர்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

ஏழைகளுக்காக வாழ்வதாக வாக்குக் கொடுத்த ஒரு துறவற சபை, பெரும்பாலும் வசதி படைத்தவர்களுக்கே பயன்படும் பள்ளியை எப்படி நடத்தலாம்? சிரிலை உறுத்திய கேள்வி இதுதான். பதில் சொல்ல எளிய வழிகள் இருந்தன. ஏழைகளுக்கென்று ஊருக்கு வெளியே தனிப் பள்ளி கட்டியிருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை துணிமணி திரட்டிக் கொடுத்திருக்கலாம். அவர் வேறு வழியில் போனார். இருக்கிற பள்ளியிலேயே இடம் ஒதுக்கினார். சேர்க்கையில் ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை ஆண்டுக்கு ஆண்டு கூட்டினார். கட்டணம் கட்ட முடிந்தவர்கள் கட்டினார்கள். முடியாதவர்களுக்குக் கட்டணம் கிடையாது. புத்தகமும் சீருடையும் சாப்பாடும்கூடப் பள்ளியே பார்த்துக்கொண்டது. குறைந்த பணத்தை நன்கொடையாளர்கள் ஈடுகட்டினார்கள்.

பெற்றோருக்குப் பயம் வருவது இயல்பு. என் பெண் என்ன பழக்கம் கற்றுக்கொள்வாள், நோய் தொற்றுமா, படிப்பின் தரம் குறையுமா என்று எந்த ஊரில் பெண்ணைப் பெற்றவர்களும் கேட்பார்கள். பள்ளி அந்தக் கேள்விகளுக்காகப் பின்வாங்கவில்லை. முதல் வகுப்பிலிருந்தே ஒன்றாக வளரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பவள் ஏழை என்பது ஒரு செய்தியாகவே தெரிவதில்லை. அவள் நன்றாகப் படம் வரைபவள், பரீட்சையில் பார்த்து எழுதுபவள், டிபனில் பாதியைப் பிடுங்கித் தின்பவள். தோழி என்றால் அவ்வளவுதான். பெரியவர்களின் பயம் பிள்ளைகளிடம் வந்து சேர்வதற்கு முன்பே அவர்களுக்குள் பழக்கம் வந்துவிட்டால், பிறகு அதைப் பிரிப்பது கஷ்டம்.

1998-ல் பிரிட்டனின் சர்வதேச வளர்ச்சித் துறைக்காக ஆய்வாளர் டானியா ஜெஸ்ஸப் இந்தப் பள்ளியைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். சிறந்த நடைமுறைக்கு முன்மாதிரி என்று அதன் தலைப்பே சொன்னது.

மொட்டை மாடிப் பள்ளி

பள்ளியில் சேர்க்கை கொடுத்தாலும் வர முடியாத பிள்ளைகள் இருந்தார்கள். காலையில் குப்பை பொறுக்கினால்தான் மதியம் சாப்பாடு என்ற நிலையில் இருக்கும் ஒரு சிறுமியிடம் எட்டரை மணிக்கு மணியடிக்கும், நேரத்துக்கு வந்துவிடு என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு வாரம் வருவாள், அடுத்த வாரம் காணாமல் போவாள். திரும்பி வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும். வயதோ பத்து; எழுத்தோ ஒன்றுகூடத் தெரியாது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்காரக் கூசுவாள்.

இவர்களுக்காக 1985-ல் தொடங்கியதுதான் ரெயின்போ பள்ளி. பள்ளிக் கட்டடத்தின் உச்சியில், மொட்டை மாடியில் அதற்கு இடம் கொடுத்தார்கள். எந்த நேரம் முடிகிறதோ அந்த நேரம் வரலாம். வந்தவளுக்கு அன்றைக்கு ஒருத்தி தயாராக இருப்பாள். அவள் கீழே படிக்கும் லொரேட்டோ மாணவி. ஒருத்திக்கு ஒருத்தி. எங்கே விட்டார்களோ அங்கிருந்து பாடம் தொடரும்.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. நாற்பது பேருக்கு ஒரு டீச்சர் என்றால், விட்டு விட்டு வரும் பிள்ளை தோற்றுப்போவது நிச்சயம். ஒருத்திக்கு ஒருத்தி என்றால் பின்தங்குவதற்கு வகுப்பு என்ற ஒன்றே இல்லை. அவள் வேகம்தான் பாடத்தின் வேகம். இத்தனை பிள்ளைகளுக்குத் தனித்தனி டீச்சர் வைக்க எந்தப் பள்ளியிடமும் பணம் கிடையாது. ஆனால் கீழ்த்தளங்களில் படிப்பு தெரிந்த நூற்றுக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். சிஸ்டர் சிரில் அந்தச் செல்வத்தைத்தான் எண்ணிப் பார்த்தார்.

மாணவியருக்கு நேரம்? மேற்கு வங்கப் பாடத்திட்டத்தில் வேலைக் கல்வி என்று ஒரு பாடம் உண்டு. பின்னல், கைவினை, பொம்மை செய்தல் என்று பெரும்பாலான பள்ளிகளில் அது கழியும். சியால்டாவில் ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவியருக்கு அந்தப் பீரியடுகளில் மாடி ஏறிப் பாடம் சொல்லிக்கொடுப்பதே வேலைக் கல்வி. பள்ளி விட்ட பிறகு விருப்பப்பட்டவர்கள் செய்யும் தொண்டாக அதை விடவில்லை. கணக்குப் பீரியட் எப்படியோ அப்படியே இதுவும் டைம்டேபிளில் இருந்தது.

அந்த ஜோடிக்குள் நடப்பதைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். ஸ்டேஷனிலிருந்து வரும் சிறுமிக்குப் பென்சில் பிடிக்கத் தெரியாது. எழுத்தைப் பார்த்தால் திணறுவாள். ஆனால் பழைய காகிதம் எடைக்குப் போட்டுச் சில்லறை எண்ணி வாங்கிப் பழகியவள். நூறிலிருந்து முப்பத்தேழு போனால் என்ன மிச்சம் என்று கேட்டால், சீருடைப் பெண் மனதுக்குள் கடன் வாங்கிக் கழித்து முடிப்பதற்குள் இவள் விடை சொல்லிவிடுவாள். அவளுக்குத் தெரியாதது அந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதுவது மட்டும்தான். கற்றுக்கொடுக்க வந்தவள் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கிறாள். எதிரில் இருப்பவள் ஒன்றும் தெரியாதவள் என்ற எண்ணம் அங்கேயே உடைந்துபோகிறது. இனி அவள் முதலிலிருந்து தொடங்க மாட்டாள். அந்தச் சிறுமிக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவாள். நல்ல ஆசிரியர்கள் வருஷக்கணக்கில் தேடிக் கண்டடைகிற வித்தை அது. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு மாடியில் அது கைவருகிறது.

எழுத்தும் கணக்கும் கைக்கு வந்ததும், அந்தச் சிறுமி தன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்படுவாள். சிலர் லொரேட்டோவிலேயே, சிலர் பக்கத்து வங்காள வழிப் பள்ளிகளில். இரவில் தெருவில் பெண் குழந்தைகளுக்கு நேரும் ஆபத்தைப் பார்த்த பிறகு, பள்ளியிலேயே அவர்கள் தங்கவும் வழி செய்யப்பட்டது. பகலில் வகுப்பறைகள் நிறைந்திருந்த வளாகத்தில் இரவில் நூற்றுக்கணக்கான சிறுமிகள் பத்திரமாகத் தூங்கினார்கள். ஓடும் பள்ளிகளில் காலியாக இருக்கும் இடத்தைத் தெருப் பெண் குழந்தைகளுக்கு வீடாக்கும் அந்த யோசனை பிறகு ரெயின்போ ஹோம்ஸ் என்ற பெயரில் ஹைதராபாத், டெல்லி, சென்னை போன்ற நகரங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை பஸ்

மாடியோடு நிற்கவில்லை. வாரந்தோறும் வியாழக்கிழமை சுமார் 150 மாணவியர் கொல்கத்தாவுக்கு வெளியே இருந்த கிராமப் பள்ளிகளுக்குப் போனார்கள். ஒரு ஆசிரியர், இரண்டு ஆசிரியர் சேர்ந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கட்டி மேய்க்க வேண்டிய பள்ளிகள் அவை. நகரத்துப் பெண்கள் பிள்ளைகளைச் சிறு சிறு வட்டமாக உட்காரவைத்துப் பாட்டு, விளையாட்டு, எழுத்து, கணக்கு என்று நடத்தினார்கள். நகரத்தைத் தாண்டிப் பார்த்திராத பெண்களுக்கு வயல் எது, குளம் எது என்று காட்டியது அந்தக் கிராமத்துப் பிள்ளைகள்தான்.

இன்னொரு வேலை இதைவிடக் கடினம். வசதியான வீடுகளுக்குள் எடுபிடி வேலை செய்யும் சிறுமிகளை யாரும் கணக்கெடுப்பதில்லை. தெருவில் இருப்பவளாவது கண்ணில் படுவாள். சமையலறைக்குள் இருப்பவள் யார் கண்ணிலும் பட மாட்டாள். அக்கம்பக்கத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று லொரேட்டோ மாணவியரே விசாரித்துக் கண்டறிந்தார்கள். அவர்களோடு சிநேகம் பிடித்தார்கள். வேலைக்கு வைத்திருப்பவர்களிடம் பேசி, அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்து படிக்கவும் விளையாடவும் அனுமதி வாங்க முயன்றார்கள்.

இதில் துணிச்சல் எங்கே இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். தெருவுக்குப் போய்ச் சோறு கொடுப்பது சுலபம். தன் தெருவில், தன் அப்பாவுக்குத் தெரிந்தவர் வீட்டில், ஒருவேளை தன் வீட்டிலேயே பாத்திரம் துலக்கும் தன் வயதுப் பெண்ணைப் பற்றிக் கேள்வி கேட்பது எந்தப் பிள்ளைக்கும் சங்கடமானது. பள்ளி அந்தச் சங்கடத்தைப் பாடமாக்கியது.

தெருவிலும் கிராமத்திலும் ஓரளவு படித்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவரவர் இடத்திலேயே ஆரம்பக் கல்வி சொல்லிக்கொடுக்க வைக்கும் திட்டத்தையும் சிஸ்டர் சிரில் நடத்தினார். 1994-ல் யுனெஸ்கோவின் நோமா எழுத்தறிவு விருதும், 2007-ல் இந்திய அரசின் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன. 2023 ஜூனில் கொல்கத்தாவில் காலமானார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டில் வாழ்ந்தவர்.

சுவருக்கு அந்தப் பக்கம்

சிஸ்டர் சிரிலுக்கு முன்பே இந்தச் சபையின் பெண்கள் இதற்கு விதை போட்டிருந்தார்கள். லொரேட்டோவின் வேர் மேரி வார்டு என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1609-ல் தன் தோழியரோடு சபையைத் தொடங்கினார். அந்நாளில் கன்னியர் என்றால் மடத்துச் சுவருக்குள் அடைபட்டு வாழ வேண்டும். மேரி வார்டு அதை ஏற்கவில்லை. வெளியே போய்ப் பெண் குழந்தைகளுக்குப் படிப்புச் சொல்லித் தர வேண்டும் என்றார். 1631-ல் திருத்தந்தை எட்டாம் உர்பானின் ஆணையால் அவருடைய சபை கலைக்கப்பட்டது. அவரைச் சபையின் நிறுவனர் என்று திருச்சபை ஏற்றுக்கொண்டது 1909-ல்தான். அவர் வழிவந்த ஐரிஷ் கன்னியர் 1841 இறுதியில் கொல்கத்தாவில் கால்வைத்தார்கள்.

அதே நகரத்தின் என்டாலி பகுதியில், லொரேட்டோவின் செயின்ட் மேரீஸ் பள்ளியில் புவியியலும் வரலாறும் கற்பித்துக்கொண்டிருந்தார் ஒரு சிஸ்டர். 1944-ல் அதன் தலைமை ஆசிரியையும் ஆனார். உலகம் அவரை அன்னை தெரசா என்று அறியும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மோதிஜில் குடிசைப் பகுதி. மடத்து விதிப்படி சிஸ்டர்கள் வளாகம் தாண்டிப் போகக் கூடாது. மாணவியருக்கு அந்தத் தடை இல்லை. மாதாவின் பெயரால் இயங்கிய மாணவியர் சபையின் பெண்கள், பெல்ஜியத்தைச் சேர்ந்த இயேசு சபைப் பாதிரியார் ஜூலியன் ஹென்றியின் வழிகாட்டுதலில் மோதிஜிலுக்கும் மருத்துவமனைக்கும் போய்வந்தார்கள். பார்த்ததை வந்து சொன்னார்கள்.

1948-ல் தெரசா லொரேட்டோவை விட்டு வெளியேறி மோதிஜிலுக்குப் போனார். 1949 மார்ச்சில் அவரிடம் முதலாவதாக வந்து சேர்ந்தவர் சுபாஷினி தாஸ், அவருடைய பழைய மாணவி. அடுத்து வந்தவர்களிலும் பெரும்பாலோர் என்டாலி பள்ளியில் படித்தவர்கள்தான். மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி என்ற உலகப் புகழ்பெற்ற சபையின் தொடக்கம் ஒரு பெண்கள் பள்ளியின் வகுப்பறையில் இருந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். டீச்சருக்கு முன்பே மாணவியர் சுவரைத் தாண்டியிருந்தார்கள்.

பழக்கமா, போட்டோவா?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சேவை செய்யாத கான்வென்ட் எதுவும் கிடையாது. தமிழ்நாட்டிலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆதரவற்றோர் இல்லங்களுக்குப் போகிறார்கள். கைப்பிடி அரிசி திரட்டுகிறார்கள். வெள்ளம் வந்தால் பெட்டி பெட்டியாகத் துணி அனுப்புகிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுக்கும் கை நல்ல கைதான். ஆனால் ஒரு மணி நேரம் இல்லத்தில் இருந்துவிட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறும் பெண்ணுக்கு அங்கே இருந்த ஒரு குழந்தையின் பெயராவது தெரியுமா? அந்தக் குழந்தைக்கு இவள் பெயர் தெரியுமா? பெயர் தெரியாத இடத்தில் இரக்கம் வரலாம், உறவு வராது. உறவு இல்லாத சேவை கொடுப்பவளைப் பெரியவளாகவும் வாங்குபவளைச் சின்னவளாகவும் காட்டிவிட்டுப் போய்விடும்.

சியால்டாவில் உறவு முதலில் வந்தது. அதற்குக் காரணம் மனசு மட்டும் அல்ல, ஏற்பாடு. மாடிக்கு வரும் சிறுமியோடு ஒருத்திக்கு ஒருத்தியாக வாரா வாரம் உட்கார வேண்டும் என்று பள்ளி வகுத்து வைத்திருந்தது. அவள் வராத நாளில் இவளுக்குக் கவலை வரும். வந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பாள். உடம்பு சரியில்லை, போலீஸ் விரட்டினார்கள், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று பதில் வரும். சமூக அறிவியல் புத்தகம் வறுமை என்று ஒரு பாடத்தில் சொல்வதெல்லாம் அந்தப் பதில்களில் இருக்கிறது.

சட்டம் சொல்லாததும் மனச்சாட்சி சொல்வதும்

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டும் என்றது. ஆர்.டி.இ. சீட் என்று நம் ஊரில் பெற்றோர் விண்ணப்பிப்பது அதைத்தான். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. தங்கள் நிறுவனங்களைத் தாங்களே நடத்தும் சிறுபான்மையினர் உரிமை அரசியல் சாசனம் தந்தது. அது காக்கப்பட வேண்டியதே. ஆனால் சட்டம் விலக்கு அளிப்பதும் மனச்சாட்சி விலக்கு அளிப்பதும் வேறு வேறு. சட்டம் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, கேட்பார் யாரும் இல்லாதபோதே, சியால்டா பள்ளி இடம் ஒதுக்கத் தொடங்கியது. 25 சதவீதத்தில் நிற்காமல் பாதி வரை போனது.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகள் ஏழைகளுக்குக் கதவடைத்தவை என்று சொன்னால் அது பெரிய அநியாயம். மீனவர் வீட்டிலும் கூலி வீட்டிலும் பிறந்த எத்தனையோ பெண்களைப் பட்டதாரிகளாக்கியது சிஸ்டர்கள் நடத்தும் அரசு உதவிபெறும் தமிழ் வழிப் பள்ளிகள்தான். ஆனால் ஒன்று. பல ஊர்களில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று உதவிபெறும் தமிழ் வழி, இன்னொன்று கட்டணம் வாங்கும் மெட்ரிகுலேஷன். இரண்டுக்கும் ஒரே சபை, ஒரே கெபி, ஒரே வேப்பமரம். சீருடை வேறு, பிரேயர் வேறு, ஆண்டு விழா வேறு. பன்னிரண்டு வருஷம் ஒரே மதிலுக்குள் படித்துவிட்டு, அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தியோடுகூட ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறும் பிள்ளைகள் உண்டு. சியால்டாவில் தெருவுக்குப் போய் அழைத்துவர வேண்டியிருந்தது. இங்கே அந்தச் சிரமம்கூட இல்லை. மைதானத்தைக் கடந்தால் போதும்.

அடுத்த ஜூனுக்கு ஒரு வேலை

இதற்குப் பெரிய நிதியும் புதுக் கட்டடமும் தேவையில்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு வாரம் இரண்டு பீரியட் ஒதுக்கினால் போதும். இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கும் அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கும் ஜோடி போட்டு, அந்த ஜோடியை வருஷம் முழுக்கக் கலைக்காமல் வைக்கலாம். ஒருத்தி ஆங்கிலம் சொல்லித் தரட்டும், மற்றவள் தமிழோ கணக்கோ தனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தரட்டும். வளாகத்தைத் துப்புரவு செய்யும் ஆயாவின் பேத்தியும் அந்த ஜோடிகளில் ஒருத்தியாக இருக்கட்டும். வாசித்தலில் பின்தங்கிய கீழ்வகுப்புக் குழந்தைகளை மேல்வகுப்புப் பெண்களிடம் ஒப்படைக்கலாம். இதைச் செய்தவளுக்குச் சான்றிதழோ மேடையோ வேண்டாம். பரீட்சை நெருங்கும்போது முதலில் ரத்தாகும் பீரியடாக மட்டும் இது இருந்துவிடக் கூடாது.

கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான சோதனை. ஒரு பள்ளி எதை மதிக்கிறது என்பதை அதன் சுவரில் எழுதிய வாசகங்களை வைத்துச் சொல்ல முடியாது. மார்ச் மாதத்து டைம்டேபிளில் எது மிஞ்சுகிறது என்பதை வைத்துச் சொல்லிவிடலாம். சிஸ்டர் சிரில் தன் பள்ளியின் வேலைக் கல்விப் பீரியடுகளை விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்கு இருந்த அதே சீருடைப் பெண்கள், அதே வகுப்பறைகள், அதே நேரம் நம் சிஸ்டர்களுக்கும் இருக்கிறது. அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது எந்த கான்வென்ட் முதலில் தொடங்கப்போகிறது?